புராஸ்டேட் சுரப்பிப் பெருக்கம்

புராஸ்டேட் சுரப்பிப் பெருக்கம் (தீங்கற்ற முன்னிற்குஞ்சுரப்பிப் பெருக்கம்) என்பது நடுவயதைக் கடந்த ஆண்களில் புராஸ்டேட் சுரப்பியின் உயிரணுக்கள் எண்ணிக்கையில் மிகுந்து, சுரப்பி பருத்து, சிறுநீர் வெளியேறும் வழியை நெருக்கும் நிலையாகும். இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. மருந்தாலும் பழக்கவழக்க மாற்றத்தாலும் பெரும்பாலோருக்கு இதனைக் கட்டுக்குள் வைக்க இயலும். சிலருக்கு மட்டுமே அறுவை மருத்துவம் தேவைப்படுகிறது. எனினும் கவனியாது விட்டால் சிறுநீர் முற்றிலும் அடைபடுதல், சிறுநீரகம் பழுதடைதல் ஆகிய கடும் விளைவுகள் நேரலாம்.

இக்கட்டுரை நோயின் தன்மை, மருத்துவம், உணவு, வாழ்க்கைமுறை ஆகியவற்றைப் பொதுவாக விளக்குவதோடு, தூத்துக்குடித் துறைமுகத்தையும் முத்துக்குளித்துறைக் கடற்கரையையும் சார்ந்து வாழ்வோர் சிறப்பாகக் கருத வேண்டியவற்றையும் எடுத்துரைக்கிறது.

பெயர்

புராஸ்டேட் என்னும் சொல் 'முன்னே நிற்பவர்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. சுரப்பி சிறுநீர்ப்பையின் வாயிலில் காவலாள் போல் அமைந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. இதனையொட்டியே தமிழில் முன்னிற்குஞ்சுரப்பி என வழங்கப்படுகிறது. பேச்சு வழக்கில் 'புராஸ்டேட் வீக்கம்' என்பர். பழைய மருத்துவ வழக்கில் உள்ள நீரடைப்பு, நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்பு ஆகியவை அறிகுறிகளைக் குறிக்கும் சொற்களே. அவை கல், தொற்று முதலிய பிற காரணங்களாலும் தோன்றலாம். விரையைச் சுற்றி நீர் கோத்து வரும் விரைவீக்கமும், குடலிறக்கமும் இதனின்று வேறான நோய்கள்.

உடற்கூறு

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பையின் அடியில், மலக்குடலுக்கு முன்புறம் அமைந்து, சிறுநீர்வழியின் தொடக்கப் பகுதியை வளையம் போல் சூழ்ந்துள்ளது. விந்து நீர்மத்தின் ஒரு பகுதியை உண்டாக்குவது இதன் பணி. இளவயதில் ஏறத்தாழ 20 கிராம் எடை கொண்டது.

சுரப்பியின் உட்பகுதி, சிறுநீர்வழியை ஒட்டியுள்ள இடைநிலை மண்டலம் எனப்படும். தீங்கற்ற பெருக்கம் இங்குத் தோன்றுகிறது. புற்றுநோய் பெரும்பாலும் வெளி மண்டலத்தில் தோன்றுகிறது. உட்பகுதி பருக்கும்போது சிறுநீர்வழி நெருக்கப்படுவதால் தொல்லைகள் முன்னரே தெரிகின்றன. வெளிப்பகுதியில் வரும் புற்றுநோய் நெடுங்காலம் அறிகுறியின்றி இருக்கலாம். ஆகவே அறிகுறி இல்லாமை நோயின்மைக்குச் சான்றாகாது. அறிகுறி இருப்பது புற்றுநோய்க்குச் சான்றும் ஆகாது.

காரணங்கள்

வயதும் ஆண் இயக்குநீரும் இதன் இரு அடிப்படைக் காரணங்கள். விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டீரோன், 5-ஆல்ஃபா ரிடக்டேசு என்னும் நொதியால் டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோனாக மாற்றப்படுகிறது. இதுவே சுரப்பியின் வளர்ச்சியைத் தூண்டுகிறது. இந்நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள ஆண்களுக்குச் சுரப்பி சிறிதாகவே இருப்பது டொமினிக்கன் குடியரசில் நடந்த ஆய்வுகளால் 1970-களில் அறியப்பட்டது. நொதியைத் தடுக்கும் மருந்துகள் உருவாக இதுவே வழிவகுத்தது.

நுண்ணோக்கியில் ஆராய்ந்தால் 60 வயதை எட்டிய ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், 80 வயதைக் கடந்தோரில் மிகப் பெரும்பாலோருக்கும் இப்பெருக்கம் காணப்படுகிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியை மையமாகக் கொண்டு நடந்த கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நிகழ்ந்தது. அதில் இளைஞராகக் கலந்துகொண்டோர் இன்று இவ்வயதினரே. எனினும் சுரப்பி பருத்த அனைவருக்கும் தொல்லை உண்டாவதில்லை. சுரப்பியின் பருமனும் தொல்லையின் அளவும் நேர்விகிதத்தில் அமைவதில்லை. சிறிய சுரப்பி மிகுந்த அடைப்பையும், பெரிய சுரப்பி சிறிதளவு அடைப்பையும் தரலாம்.

உடற்பருமன், நீரிழிவு, உடலுழைப்பின்மை, குடும்பத்தில் பிறருக்கு இந்நோய் இருத்தல் ஆகியவை நோய் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

அறிகுறிகள்

அறிகுறிகளை இரு வகையாகப் பிரிப்பர்.

சிறுநீர் கழித்தல் தொடர்பானவை:
* சிறுநீர் வரத் தொடங்கத் தாமதம்
* மெலிந்த, விட்டுவிட்டு வரும் தாரை
* முக்கிக் கழிக்க வேண்டிய நிலை
* கழித்த பின்னும் சொட்டுதல், முழுதும் கழியாத உணர்வு

தேக்கிவைத்தல் தொடர்பானவை:
* அடிக்கடி கழித்தல்
* அடக்க இயலாத அவசரம்
* இரவில் பலமுறை எழுதல்
* கழிப்பிடம் செல்லுமுன் கசிதல்

முதல் வகை நேரடியாக அடைப்பால் வருவது. இரண்டாம் வகை, அடைப்பை எதிர்த்து நெடுநாள் உழைத்த சிறுநீர்ப்பைத் தசை தடித்து, மிகையுணர்ச்சி அடைவதால் வருவது. அத்தசை இறுதியில் சோர்ந்துவிட்டால் அடைப்பை நீக்கிய பின்னும் முழு வலிமை திரும்பாது. காலந்தாழ்த்தாமல் மருத்துவம் பெற வேண்டுமென்பதன் காரணம் இதுவே.

இரவில் எழுவதற்குப் புராஸ்டேட் மட்டுமே காரணம் எனக் கொள்ளலாகாது. நீரிழிவு, இதயத் தளர்ச்சி, மாலையில் உட்கொள்ளும் நீரிறக்கி மாத்திரை, உறக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவையும் காரணமாகலாம். நாள் முழுதும் நின்று வேலை செய்வோருக்குக் கால்களில் தேங்கும் நீர், படுத்தவுடன் இரத்தத்தில் கலந்து இரவுச் சிறுநீரை மிகுவிக்கும்.

சிக்கல்கள்

திடீர்ச் சிறுநீர்த் தேக்கம்: சிறுநீர் ஒரு சொட்டும் வெளியேறாது அடிவயிறு புடைத்துக் கடும் வலி உண்டாதல். இது அவசர நிலை. நீண்ட பயணத்தில் அடக்கி வைத்தல், மது, மலச்சிக்கல், சளிக்கான சில மாத்திரைகள், பிற அறுவை மருத்துவம் ஆகியவை இதனைத் தூண்டுகின்றன.

நாட்பட்ட தேக்கம்: வலியின்றியே சிறுநீர்ப்பை மெல்ல விரிந்து, நிரம்பி வழிவது போல் சிறுநீர் கசியும். முதியவர் புதிதாக உறக்கத்தில் படுக்கையை நனைத்தால் அதனை முதுமையின் இயல்பு எனக் கருதி விட்டுவிடலாகாது. பின்னோக்கிய அழுத்தத்தால் இரு சிறுநீரகங்களும் பழுதாகும் ஆபத்து இதில் மிகுதி.

இவையன்றிச் சிறுநீர்ப்பைக் கல், மீண்டும் மீண்டும் வரும் தொற்று, சிறுநீரில் குருதி, தொடர்ந்து முக்குவதால் குடலிறக்கம் ஆகியனவும் நேரலாம்.

நோயறிதல்

மருத்துவர் முதலில் அறிகுறிகளைக் கேட்டறிந்து மதிப்பெண் இடுகிறார். பன்னாட்டுப் புராஸ்டேட் அறிகுறி மதிப்பெண் ஏழு வினாக்களைக் கொண்டது. 0 முதல் 7 வரை இலேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமையானது எனப்படும்.

* விரல் ஆய்வு: மலவாய் வழியே விரல் செலுத்திச் சுரப்பியின் பருமனையும் கடினத்தையும் உணர்தல். கூச்சத்தால் பலர் இதனைத் தவிர்க்கின்றனர். ஒரு மணித்துளிக்குள் முடியும் இவ்வாய்வு, கல் போன்ற கடினத்தை உணர்த்திப் புற்றுநோயை வெளிப்படுத்தக்கூடும்.
* சிறுநீர் ஆய்வு: தொற்று, குருதி, சர்க்கரை ஆகியவற்றை அறிய.
* குருதி ஆய்வு: கிரியேட்டினின் அளவு சிறுநீரக நிலையைக் காட்டும். பி.எஸ்.ஏ. அளவு புற்றுநோய் ஐயத்தை மதிப்பிட உதவும். ஆயினும் தீங்கற்ற பெருக்கம், தொற்று, அண்மையில் குழாய் செருகியமை ஆகியவற்றாலும் அது உயரும்.
* மீயொலி வரைவு: சுரப்பியின் அளவு, சிறுநீரக வீக்கம், கழித்த பின் எஞ்சிய சிறுநீர் ஆகியவற்றைக் காட்டும்.
* பாய்வு அளவி: நொடிக்கு 15 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட உச்சப் பாய்வு பொதுவாக இயல்பு. 10-க்குக் குறைந்தால் அடைப்பு அல்லது தசைத் தளர்ச்சி எனக் கருதப்படும்.

மூன்று நாட்கள் நீர் அருந்திய நேரமும் அளவும், கழித்த நேரமும் அளவும் குறித்து வைத்த ஏடு மருத்துவருக்குப் பெரிதும் பயன்படும்.

மருத்துவம்

காத்திருந்து கண்காணித்தல்

இலேசான அறிகுறிகளால் தொல்லையுறாதவருக்கு மருந்து தேவையில்லை. பழக்கவழக்க மாற்றமும் ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வும் போதுமானவை.

மருந்துகள்

ஆல்ஃபா தடுப்பிகள்: டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் முதலியன. சுரப்பியிலும் சிறுநீர்ப்பைக் கழுத்திலும் உள்ள மென்தசையைத் தளர்த்துகின்றன. சில நாட்களிலேயே பயன் தெரியும், சுரப்பியைச் சுருக்குவதில்லை. எழுந்து நிற்கையில் தலைச்சுற்றல், விந்து வெளிப்படாமை ஆகியவை பக்க விளைவுகள். இம்மருந்து உட்கொள்வோர் கண்புரை அறுவைக்கு முன் கண் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அறுவையின்போது கண்மணித்திரை தளர்ந்து சிக்கல் உண்டாவது 2005-இல் விவரிக்கப்பட்டது. புராஸ்டேட் தொல்லையும் கண்புரையும் ஒரே வயதில் வருவதால் இஃது இன்றியமையாத செய்தி.

5-ஆல்ஃபா ரிடக்டேசு தடுப்பிகள்: பினாஸ்டிரைடு (அமெரிக்காவில் 1992-இல் ஒப்புதல் பெற்றது), டியூட்டாஸ்டிரைடு. பெருத்த சுரப்பியை மெல்லச் சுருக்குகின்றன. பயன் தெரிய ஆறு மாதங்கள் வரை ஆகலாம். பாலியல் விருப்பக் குறைவு சிலருக்கு நேரும். இவை பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதால், ஆய்வு முடிவை மருத்துவர் இரட்டித்துக் கணக்கிட வேண்டும். மருந்து உண்பதைச் சொல்லாது விட்டால் புற்றுநோய் தவறவிடப்படலாம். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடலாகாது.

இருவகை மருந்துகளையும் சேர்த்துத் தருவது, சுரப்பி பெருத்தவர்க்குத் தனித்தனியே தருவதினும் நோய் முற்றுவதை நன்கு தடுப்பதாக 2003-இல் வெளியான, 3,047 ஆண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வு காட்டியது.

டாடலாஃபில்: நாள்தோறும் சிறு அளவில் தரப்படுகிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட்டு மருந்து எடுப்போர் இதனை உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குத் தாழும்.

அறுவை மருத்துவம்

மருந்துக்குக் கட்டுப்படாத தொல்லை, மீண்டும் மீண்டும் சிறுநீர்த் தேக்கம், சிறுநீர்ப்பைக் கல், நிற்காத குருதிப்போக்கு, அடைப்பால் சிறுநீரகப் பழுது ஆகியவற்றுக்கு அறுவை தேவைப்படும்.

தொடக்கத்தில் வயிற்றைத் திறந்தே இவ்வறுவை செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய மருத்துவப் பணியில் இருந்து, சிறுநீர்ப்பைக் கல் அறுவையில் பெயர் பெற்ற அயர்லாந்து மருத்துவர் பீட்டர் ஃபிரேயர், இலண்டன் திரும்பியபின் 1901-இல் சிறுநீர்ப்பை வழியாகச் சுரப்பியை அகற்றும் முறையை வெளியிட்டுப் பரப்பினார். 1945-இல் டெரன்சு மில்லின் சிறுநீர்ப்பையைத் திறவாத மாற்று முறையை அறிமுகப்படுத்தினார்.

இன்று பரவலாகச் செய்யப்படுவது சிறுநீர்வழி ஊடாகச் சுரப்பியைச் சீவியெடுத்தல் ஆகும். முதுகில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்து, உள்நோக்கிக் கருவியை உட்செலுத்தி, மின்கம்பி வளையத்தால் அடைக்கும் பகுதி சிறு துண்டுகளாகச் சீவப்படுகிறது. வெளியே வெட்டுக்காயம் இல்லை. ஓரிரு நாட்கள் சிறுநீர்க் குழாய் இருக்கும். சீவியெடுத்த திசு நுண்ணோக்கி ஆய்வுக்கு அனுப்பப்படும். மிகப் பெரிய சுரப்பிகளுக்கு ஓல்மியம் லேசர் கொண்டு உட்பகுதி முழுதும் குடைந்தெடுக்கப்படுகிறது.

அறுவைக்குப்பின் பெரும்பாலோருக்கு விந்து வெளிவராது சிறுநீர்ப்பைக்குள் செல்லும். இதனால் உடலுக்குத் தீங்கில்லை. மகப்பேறு விழைவோர் மட்டும் முன்னரே மருத்துவரிடம் பேச வேண்டும். குறி விறைப்பு பெரும்பாலோருக்குப் பாதிக்கப்படுவதில்லை. நான்கு முதல் ஆறு வாரங்கள் பாரம் தூக்குதல், முக்குதல், இருசக்கர வண்டியில் நெடும்பயணம் ஆகியவை கூடா. துறைமுகத்தில் சுமை தூக்குவோர், வலை இழுப்போர், உப்பு வாருவோர் இக்கால அளவை வேலை தருவோரிடம் முன்னரே கூறி ஒழுங்கு செய்துகொள்ளல் நலம். முன்னதாக வேலைக்குத் திரும்பினால் குருதிக் கட்டிகள் அடைத்து மீண்டும் சிறுநீர் தடைபடலாம்.

உணவும் நீரும்

எந்த உணவும் பருத்த சுரப்பியைச் சுருக்குவதாக நிறுவப்படவில்லை. ஆயினும் உணவும் நீரருந்தும் முறையும் அறிகுறிகளைக் கணிசமாகத் தணிக்கும்.

* மாலைக்குப் பின் நீரைக் குறைத்தல்: படுக்கைக்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு முன் நீர்மங்களைக் குறைக்க வேண்டும், நாளின் மொத்த அளவைக் குறைக்க வேண்டியதில்லை.
* தேநீர், காப்பி: இவற்றிலுள்ள காபீன் சிறுநீரையும் அவசரத்தையும் கூட்டும். மாலைக்குப் பின் தவிர்ப்பது நன்று.
* மது: சிறுநீரை மிகுவிப்பதோடு திடீர்த் தேக்கத்தையும் தூண்டும்.
* உப்பு: உப்பு மிகுந்தால் தாகமும் இரவுச் சிறுநீரும் மிகும். இரவு உணவில் கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றைக் குறைத்தால் சிலர் இரவில் எழும் தடவைகள் குறையும். இரத்த அழுத்தத்துக்கும் இது நல்லது.
* நார்ப்பொருள்: காய்கறி, கீரை, பழம், தவிட்டுடன் கூடிய தானியம் ஆகியவை மலச்சிக்கலைத் தடுக்கும். நிரம்பிய மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும்.
* இனிப்பு: பதநீர், கருப்பட்டி ஆகியவை இயற்கையானவையாயினும் சர்க்கரை மிக்கவை. நீரிழிவு கட்டுப்படாவிடில் புராஸ்டேட் மருந்து எதுவும் இரவுச் சிறுநீரைக் குறைக்காது.

தக்காளி, பூசணி விதை ஆகியவை பற்றிப் பரவலாகப் பேசப்படினும் உறுதியான சான்று இல்லை. உணவாக உண்பதில் தடையில்லை. சா பால்மெட்டோ எனும் அமெரிக்கக் குள்ளப்பனையின் சாறு, வெற்று மாத்திரையினும் மேம்பட்டதன்று என 2006-இலும் 2011-இலும் வெளியான ஆய்வுகள் காட்டின.

வாழ்க்கைமுறை

* நாள்தோறும் அரை மணி நேரமேனும் நடத்தல், உடல் எடையைக் கட்டுக்குள் வைத்தல்.
* சிறுநீரை அடக்காது, பகலில் சீரான இடைவெளியில் கழித்தல்.
* அவசரமின்றிக் கழித்து, சற்று நேரம் கழித்து மறுமுறை முயலுதல். நிற்பதினும் அமர்ந்து கழிப்பது பலருக்கு எளிது.
* கால் வீக்கம் உள்ளோர் பிற்பகலில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்தி வைத்தல். இதனால் தேங்கிய நீர் படுக்கைக்கு முன்பே வெளியேறும்.
* நீரிறக்கி மாத்திரையை எந்நேரத்தில் உட்கொள்வது என மருத்துவரைக் கேட்டறிதல்.
* சளி, மூக்கடைப்பு, ஒவ்வாமை, வயிற்றுப் பிடிப்பு ஆகியவற்றுக்குக் கடையில் தாமே மாத்திரை வாங்கி உண்ணாதிருத்தல். சூடோஎபெட்ரின், ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் ஆகியவை கலந்த மாத்திரைகள் சிறுநீரை முற்றும் அடைக்க வல்லவை.

தூத்துக்குடிக் கடற்கரையில்

தூத்துக்குடி மாவட்டம் 1986-இல் திருநெல்வேலி மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டது. தமிழ்நாட்டு உப்பு உற்பத்தியின் பெரும்பகுதி இங்கு நடைபெறுகிறது. துறைமுகம், உப்பளம், மீன்பிடி, சங்கு குளித்தல், தோணித் தொழில் ஆகியவை இக்கரையின் வாழ்வாதாரங்கள். இத்தொழில்களின் இயல்பு புராஸ்டேட் நோயாளிகளுக்குத் தனிப்பட்ட இடர்களைத் தருகிறது.

உப்பளத் தொழில்: நிழலற்ற வெட்டவெளியில் நடப்பது, கழிப்பிட வசதி அரிது. புராஸ்டேட் தொல்லை உள்ளவர் அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும் என அஞ்சி நீரருந்துவதையே குறைத்துக்கொள்வதுண்டு. குளிர்நாட்டு நூல்கள் கூறும் 'நீரைக் குறைத்தல்' என்னும் அறிவுரையை இங்கு அப்படியே பின்பற்றுவது தீங்காகும். வியர்வையில் நீர் இழந்து, சிறுநீர் கெட்டிப்பட்டு, கல்லும் தொற்றும் தோன்றி, சிறுநீரகம் பாதிக்கப்படும். அடர் சிறுநீர் பையை உறுத்துவதால் அவசரமும் கூடும். பகலில் தாராளமாக அருந்தி, மாலைக்குப் பின் குறைப்பதே பொருந்தும் முறை. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருப்பது போதிய நீருக்கு அடையாளம்.

கடல் தொழில்: தருவைகுளம் போன்ற ஊர்களிலிருந்து பல நாள் தங்கி மீன்பிடிக்கச் செல்வோரும், மாலத்தீவு முதலிய இடங்களுக்குச் சரக்குத் தோணியில் செல்வோரும் கரையின் மருத்துவ உதவிக்கு எட்டாத் தொலைவில் இருப்பர். நடுக்கடலில் சிறுநீர் முற்றும் அடைபட்டால் கரை சேரும்வரை தாங்குதல் அரிது. ஆகவே தாரை மெலிதல், முக்குதல் போன்ற அறிகுறிகள் உள்ளோர் பயணத்துக்கு முன்பே ஆய்வு செய்துகொள்ள வேண்டும். பயண நாட்களுக்கு ஓரிரு நாள் மிகுதியாக மாத்திரை எடுத்துச்செல்ல வேண்டும். கடலில் மது, சளி மாத்திரை இரண்டையும் விலக்க வேண்டும். புதிதாக ஆல்ஃபா தடுப்பி தொடங்கியவர் முதல் சில நாட்கள் கடலுக்குச் செல்லாதிருத்தல் நலம். ஆடும் படகில் திடீரென எழும்போது வரும் தலைச்சுற்றல் கடலில் விழவும் காரணமாகலாம்.

நாட்டு மருந்துகள்: நெருஞ்சில், சிறுபீளை, மாவிலிங்கம் ஆகியவை சித்த மருத்துவத்தில் சிறுநீர் நோய்களுக்கு வழங்கி வருபவை. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பயன்படும் சிறுபீளையைக் குடிநீராகக் காய்ச்சி அருந்தும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. இவை நீர்பெருக்கும் தன்மையுடையனவாகக் கருதப்படுகின்றன. வழி அடைபட்டிருக்கையில் சிறுநீரைப் பெருக்குவது, மதகு மூடியிருக்கக் குளத்தில் நீர் விடுவது போன்றதாகும். சிறுநீர்ப்பை மேலும் விரியும். ஆகவே எஞ்சிய சிறுநீரின் அளவை அறிந்த பின்னரே, தகுதிபெற்ற சித்த மருத்துவரின் மேற்பார்வையில் இவற்றை உட்கொள்ள வேண்டும். பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இவ்வட்டாரத்தில் உள்ளது.

மருத்துவ வசதி: தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2012 முதல் நடைமுறையில் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரியல் அறுவை மருத்துவங்களும் இடம்பெறுகின்றன. தகுதியுள்ள குடும்பத்தினர் காப்பீட்டு அட்டையுடன் மருத்துவமனையின் திட்ட அலுவலரை அணுகலாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

* பல மணி நேரம் முயன்றும் சிறுநீர் வராது, அடிவயிறு புடைத்து வலித்தல்
* சிறுநீரில் குருதி அல்லது குருதிக் கட்டி
* குளிர் நடுக்கத்துடன் காய்ச்சலும் நீர்க்கடுப்பும்
* உறக்கத்தில் அறியாது சிறுநீர் கசிதல்
* கால், முக வீக்கம், வாந்தி, சோர்வு ஆகியவற்றுடன் சிறுநீர் குறைதல்
* சிறுநீர்த் தொல்லையோடு புதிதாகக் கடும் முதுகுவலி அல்லது கால் வலுவிழத்தல்

சிறுநீர் அடைபட்டவருக்கு மேலும் நீர் புகட்டுதல் கூடாது. மருத்துவமனையில் மெல்லிய குழாய் செருகியவுடன் வலி தணியும். ஆல்ஃபா தடுப்பி தொடங்கி ஓரிரு நாட்களுக்குப் பின் குழாயை எடுத்துப் பார்க்கையில் பலருக்குத் தாமாகவே சிறுநீர் பிரிகிறது. குழாய் இட்டவர் அனைவருக்கும் அறுவை தேவை என்பது சரியன்று. ஆனால் குழாயை எடுத்தபின் சிறுநீர் பிரிந்துவிட்டது என மருந்தையும் ஆய்வையும் கைவிட்டோருக்குத் தேக்கம் திரும்ப வரும் வாய்ப்பு மிகுதி.